வாரிசு இல்லாதவரின் மூன்று மகள்கள்

அப்பா இறந்த வாரத்தில் நான் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் சாவை எழுதிக்கொண்டிருந்தேன்.

அது என் வேலை. தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் பல வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். தொண்டை ஓயாமல் கட்டிக்கொள்ளத் தொடங்கியதும் விட்டுவிட்டேன். பிறகு பெங்களூரில் இருக்கும் ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே செய்யச் சொல்லி இந்த வேலையைக் கொடுத்தது. வெளிநாடுகளில் இருப்பவர்கள் தங்கள் முன்னோர் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பார்கள். பழைய புத்தகங்களில் கிடப்பதை எடுத்து, படிக்கிற மாதிரி எழுதித் தர வேண்டும். பெரும்பாலும் விவசாயிகள், பாதிரியார்கள், பிழைப்புக்குக் கப்பலேறியவர்கள்தான் வருவார்கள். அந்த முறை எனக்கு வந்தது ஒரு பிரபுப் பட்டம். இப்போது இல்லாத பட்டம்.

ராஜாவுக்காகச் சண்டை போட்ட ஒருவருக்கு ராஜா கொடுத்தது அது. கொடுக்கும்போதே, இவருடைய ஆண் வழிக்கு மட்டும் என்று எழுதிவிட்டார்கள். அவருக்குப் பின் மகன். அவருக்குப் பின் மூத்த பேரன். அந்தப் பேரனுக்குப் பிள்ளை இல்லை, அதனால் தம்பிக்குப் போனது. தம்பி குதிரைப் பந்தயத்தில் பாதி நிலத்தைத் தொலைத்தான், ஆனாலும் பிரபுதான். அவன் மகனோடு பட்டம் முடிந்தது. அந்தக் கடைசிப் பிரபுவுக்குப் பிறந்த ஆண் பிள்ளைகளில் ஒருவன் காய்ச்சலிலும் மற்றவன் கடலிலும் போய்விட்டார்கள். மகள்கள் மூன்று பேர். மூவரும் நன்றாகவே வாழ்ந்தார்கள். மூத்தவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண் தெரியாமல் போன அப்பாவுக்குப் பதிலாக அந்த ஜமீனையே அவள்தான் பார்த்துக்கொண்டாள். குத்தகைக்காரர்களின் சண்டையைத் தீர்த்தாள், ஒழுகிய கூரைகளை மாற்றினாள், வெள்ளம் வந்த வருஷம் தானியக் கிடங்கைத் திறந்துவிட்டாள்.

அவள் அப்பா செத்ததும் புத்தகத்தில் ஒரே வரி: வாரிசின்றி இறந்தார், பட்டம் அற்றுப்போயிற்று.

நான் 'ஆண் வாரிசின்றி' என்று திருத்தி அனுப்பினேன். என் வேலையைச் சரிபார்க்கும் பையன் போன் செய்தான். மரியாதையானவன், என் மாணவன் வயசு இருக்கும்.

"மேடம், நம்ம டெம்ப்ளேட்ல 'வாரிசின்றி'ன்னுதான் இருக்கு. எல்லா ஃபைல்லயும் அப்படித்தான் போடறோம்."

"அந்த மூணு பொண்ணுங்க யாரு தம்பி?"

"அவங்க இருக்காங்க மேடம். கீழ அவங்க கல்யாண விவரம் போட்டுருக்கோமே."

"இந்த ஃபைல யாரு கேட்டிருக்காங்க?"

கொஞ்ச நேரம் தட்டித் தேடினான். "கனடால ஒரு அம்மா. ரெண்டாவது பொண்ணோட வழியில வந்தவங்க."

"வாரிசே இல்லாத மனுஷனோட கதைய அவரு வாரிசு ஏன் கேக்கறாங்க?"

அவன் சிரித்துவிட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தான். அடுத்த நாள் காலையில் கடைசித் தங்கை போன் செய்து, அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றாள்.

என் அப்பா ஊர்க்கவுண்டர். எங்கள் பக்கம் ஊர்த் தலைமைக்கு அதுதான் பெயர். ஊர் வத்தல்மலைக்குக் கீழே, மழை பெய்தால் ராகி, இல்லாவிட்டால் மரவள்ளி என்று இருக்கும் ஊர். ஊர்க்கவுண்டரிடம் அதிகாரம் என்று இப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் இருக்கிறார், போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. ஆனாலும் கல்யாணம் என்றால் முதல் தாம்பூலம் எங்கள் வீட்டுக்கு வரும். மாரியம்மன் பண்டிகையில் மேளம் முதலில் எங்கள் வாசலுக்கு வந்து, எங்கள் வீட்டு மாவிளக்குத் தட்டை அழைத்துக்கொண்டு போகும். வரப்புச் சண்டை, ஆடு மேய்ந்த சண்டை, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்த சண்டை எல்லாம் எங்கள் வீட்டுப் புங்க மரத்தடிக்கு வரும். அதற்கு அடையாளமாக ஒரு தலைப்பாகை. சரிகை கருத்துப்போன பழைய துணி. ஒருவர் இறந்தால் அவருடைய கருமாதியில் அடுத்தவர் தலையில் அதைக் கட்டுவார்கள்.

அது வந்த வழியும் எங்களுக்குப் பாடம். ஏரிக்கரை உடைந்தபோது ஊரைத் திரட்டி அடைத்த ஒருவருக்கு முதலில் கட்டினார்கள். அவருக்குப் பின் மகன். அந்த மகனின் மூத்த பிள்ளை காலராவில் போனதால் இளையவருக்கு. அந்த இளையவருக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. காவிரிக் கரைப் பக்கமிருந்து தன் அக்கா மகனைக் கூட்டிவந்து, பெண்ணைக் கொடுத்து, வீட்டோடு வைத்துக்கொண்டார். தலைப்பாகை அந்த மாப்பிள்ளைக்குப் போனது. அவர் என் அப்பாவின் தாத்தா. பிறகு என் தாத்தா. பிறகு என் அப்பா.

அப்பாவுக்கு நாங்கள் மூவரும் பெண்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி ஊரே நெருக்கியது. எங்கள் அம்மா கர்நாடக எல்லைப் பக்கம் கன்னடம் பேசும் வீட்டில் பிறந்தவள் என்பதால் அவளைத் தள்ளிவைப்பது சுலபம் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அப்பா மறுத்துவிட்டார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் எங்களை ஒருநாளும் அந்தப் புங்க மரத்தடியில் உட்காரவிட்டதில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றால், "உள்ள போம்மா" என்பார். என்னைப் படிக்க வைத்தார், அடுத்த தங்கையை நர்ஸாக்கினார், கடைசித் தங்கையை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து நிலத்தைப் பார்க்கச் சொன்னார். தலைப்பாகையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "என்னோட முடிஞ்சிது" என்பார். மழை நின்றுவிட்டது என்று சொல்வதைப் போலச் சொல்வார். அந்தக் குரல்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

கருமாதி அன்று பந்தலில் ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். சடங்குகள் முடிந்ததும், பங்காளி முறையில் எங்களுக்குப் பெரியப்பாவாகும் ஒருவர் எழுந்தார். ஊரில் அப்பாவுக்கு அடுத்தபடி மதிக்கப்படுகிறவர். தலைப்பாகையை ஒரு பித்தளைத் தட்டில் வைத்துக் கையில் பிடித்திருந்தார்.

"நம்ம ஊர்க்கவுண்டரு வாரிசு இல்லாம போயிட்டாருங்க. வேற வகையறாவுக்குத் தலைப்பா கட்டற பழக்கம் நம்ம ஊர்ல இல்ல. எனக்கும் வேணாம், எம் புள்ளைங்களுக்கும் வேணாம். இது கோயில்ல இருக்கட்டும். இத்தோட இந்தப் பட்டம் முடிஞ்சிது."

அவர் கண் கலங்கியிருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருக்குப் பேராசை இருந்திருந்தால் எனக்கு வேலை எளிதாக இருந்திருக்கும். அவர் என் அப்பாவோடு ஏரியில் நீச்சல் பழகியவர். நல்லது செய்வதாக நம்பித்தான் எங்களை அழித்துக்கொண்டிருந்தார்.

வாரிசு இல்லாமல். அப்பா இறப்பதற்கு முந்தின நாள் நான் சண்டை போட்ட அதே வார்த்தை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பெரியப்பா, வாரிசு இல்லன்னு சொல்லாதீங்க. ஆண் வாரிசு இல்லன்னு சொல்லுங்க. மூணு பேரு இங்க உக்காந்திருக்கோம்."

நர்ஸ் தங்கை என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அதத்தாம்மா சொன்னேன்" என்றார் பெரியப்பா, குரல் உயர்த்தாமல். "தலைப்பா பொம்பளைங்க வழியில போகாது."

"போயிருக்குங்களே. காவிரிக் கரையில இருந்து வந்த மாப்பிள்ளைக்கு எந்த வழியில வந்துச்சு? அந்த வூட்டுப் பொண்ணக் கட்டுனதாலதான வந்துச்சு? அந்தம்மா இல்லன்னா எங்கப்பா தலையில ஏது தலைப்பா?"

அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டைப் பற்றி யாரும் சபையில் சொன்னதில்லை. மரியாதைக் குறைவு என்று விட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணே சொன்னதும் சிலருக்குத் தலை குனிந்துவிட்டது. ஒரு பங்காளி, "சாவு வூட்டுல இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று கத்தினார். பெரியப்பா அம்மாவைப் பார்த்து, "உம் பொண்ண அடக்கும்மா" என்றார்.

அம்மா அதுவரை முக்காட்டுக்குள் இருந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

"சும்னிரி" என்றாள்.

பேசாமல் இரு என்று என்னை அதட்டுவதாகத்தான் முக்கால்வாசிப் பேர் நினைத்தார்கள். எனக்கும் தங்கைகளுக்கும் மட்டும் தெரியும். என்னைச் சொல்லியிருந்தால் 'சும்னிரு' என்றிருப்பாள். 'ரி' போட்டால் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. அம்மா மரியாதையோடு பெரியப்பாவைத்தான் வாயை மூடச் சொன்னாள். எல்லைப் பக்கம் மாடு வாங்கப் போய்ப் பழகிய பெரியப்பாவுக்கும் அது புரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

சில நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். நாங்கள் மூவரும் அங்கேதான் இருந்தோம். காப்பி குடித்தார். பிறகு சொன்னார்.

"ஒரு பேச்சுக்கு ஒத்துக்கறேன்னே வெச்சுக்கலாம். மூணு பேர்ல யாருக்குக் கட்டறது? மூத்தவ நீ. நீ தருமபுரியில இருக்கற. நடுவுள்ளவ ஆஸ்பத்திரியில இருக்கறா. தலைப்பா ஒண்ணுதான இருக்குது? ஒருத்திக்குக் குடுத்தா இன்னொருத்தி வூட்டுக்காரன் சண்டைக்கு வருவான். அதான் சொல்றேன், முடிஞ்சதாவே இருக்கட்டும்."

இதையும் நான் படித்திருந்தேன். இங்கிலாந்தில் சில பழைய பட்டங்கள் பெண்களுக்கும் போகும். ஆனால் ஒன்றுக்கு மேல் மகள்கள் இருந்தால் எல்லாரும் சமம், அதனால் யாருக்கும் இல்லை என்று அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். மற்ற மகள்களின் வழியெல்லாம் அற்றுப்போய் ஒரு வழி மட்டும் மிஞ்சும்வரை காத்திருக்க வேண்டும். மகன்கள் எத்தனை பேர் இருந்தாலும் மூத்தவன் என்று சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறவர்களுக்கு, மகள்களில் மட்டும் யார் மூத்தவள் என்று தெரியாமல் போகிறது. படித்தபோது சிரிப்பு வந்தது. பெரியப்பா வாயில் கேட்டபோது வரவில்லை.

"மூத்ததுக்குத்தான பழக்கம்? அப்ப எனக்கு" என்றேன்.

சொல்லிவிட்டுத் தங்கைகளைப் பார்த்தேன். கடைசித் தங்கை டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் உள்ளங்கையில் மரவள்ளிக் குச்சி நட்ட காய்ப்பு இருந்தது. டிராக்டர் ஓட்டுவது அவள். மோட்டார் ரிப்பேர் என்றால் கிணற்றில் இறங்குவது அவள். கடைசி இரண்டு மூன்று வருஷம் அப்பாவுக்குக் காது மந்தமானபோது, புங்க மரத்தடியில் வந்தவர்கள் சொன்னதை அவர் காதில் சத்தமாகத் திருப்பிச் சொன்னதும் அவள்தான். அப்போது மட்டும் அப்பா அவளை உள்ளே போகச் சொல்லவில்லை.

பெரியப்பா போன பிறகு நான் சமையலறைக்குப் போனேன். "உனக்கு வேணுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு வேணும்க்கா" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "நீ கேட்டுட்ட. அதான் பேசல."

எனக்கு அந்தத் தலைப்பாகை வேண்டும் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பெண்களின் உரிமை, குடும்பத்தின் மானம் என்று நான் பேசியதற்கெல்லாம் அடியில், உள்ளே போகச் சொல்லப்பட்ட ஒரு சிறுமி அந்த மரத்தடியில் உட்கார ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் தேவைப்பட்டது. தோட்டத்துப் பக்கம் போய் நடந்துவிட்டு வந்தேன். நர்ஸ் தங்கை வந்து, "மூத்ததுங்கறதும் அவங்க வெச்சதுதான? அதுல மட்டும் நாம ஏன் அவங்க சொன்னபடி நடக்கணும்?" என்று கேட்டாள். கடைசித் தங்கைக்கே என்று முடிவு செய்தோம்.

அப்பாவின் வருஷத் திதி முடிந்ததும் மாரியம்மன் பண்டிகைக்கு நாள் குறித்துச் சாட்டினார்கள். இனிமேல் ஊர்க்கவுண்டர் இல்லாததால் முதல் மாவிளக்கு கோயில் சார்பில் பொதுத்தட்டு என்று கமிட்டி அறிவித்தது. கமிட்டியில் இருந்தவர்கள் முழுக்க ஆண்கள். அதில் படித்த இளைஞன் ஒருவன், என்னிடம் ஆங்கிலம் படித்தவன்தான், என்னைத் தனியாகப் பார்த்து நியாயம் கேட்டான்.

"மிஸ், இந்தப் பரம்பரைப் பட்டமெல்லாம் ஒழியணும்னு நீங்கதான் சொல்லணும். நீங்களே கேக்கறீங்களே?"

நல்ல கேள்வி. நானும் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி.

"ஒழியட்டும் தம்பி. எங்கப்பா உசுரோட இருக்கறப்ப ஒழிக்கணும்னு ஒரு நாள் நீ கேட்டியா? அவங்க அப்பா இருக்கறப்ப யாராச்சும் கேட்டாங்களா? பொண்ணு கைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் எப்படி அது வேணாததாவுது? முதல்ல எங்க கையில குடுங்க. அப்பறம் ஒழிக்கறதப் பத்தி எந்தங்கச்சி கிட்ட வந்து பேசுங்க."

அவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன்.

பண்டிகை அன்று மேளம் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அப்பா இல்லாத வீட்டை விட மேளம் வராத வாசல் அம்மாவை அதிகமாக உலுக்கியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கடைசித் தங்கை மாவு இடித்து, வெல்லம் பிசைந்து, விளக்குக்குக் குழி செய்து, நெய் ஊற்றித் தட்டைத் தயார் செய்தாள். பழைய தலைப்பாகை கோயிலில் பூட்டியிருந்தது. அவள் நிலத்துக்குப் போகும்போது தலையில் சுற்றுகிற பச்சைத் துண்டை எடுத்து உதறினாள். நாங்கள் அவளைப் பார்த்தோம்.

"வெயிலுக்குக் கட்டறதுதானக்கா" என்று கட்டிக்கொண்டாள்.

பொதுத்தட்டு பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்து புறப்படுவதற்கு முன்பே நாங்கள் வாசல் இறங்கினோம். அவள் முன்னால் தட்டோடு, நாங்கள் இருவர் இரண்டு பக்கமும், பின்னால் அவளுடைய வீட்டுக்காரர் கூச்சத்தோடு. மேளம் இல்லாமல் நடப்பது எவ்வளவு சத்தமான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் பேச்சு நின்று, நாங்கள் கடந்ததும் மறுபடி தொடங்கியது. ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்குப் பின்னால் சேர்ந்தாள். அவள் நிலத்துக்கு வழி விடாத பக்கத்துக் காட்டுக்காரனை, அப்பாவின் காதாக இருந்தபோது, என் தங்கைதான் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். பிறகு இன்னும் சிலர். திரும்பிப் பார்த்தபோது அம்மாவும் கடைசியில் வந்துகொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். பூசாரி எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வரிசையில வைங்க" என்றார் பெரியப்பா. "முதத்தட்டு வரட்டும்."

"முதத்தட்டு வந்துருச்சுங்க பெரியப்பா" என்றாள் கடைசித் தங்கை. "நீங்க எடுக்கச் சொல்ற வரைக்கும் நிக்கறேன்."

நின்றாள். பொதுத்தட்டு மேளத்தோடு வந்தது. பூசாரி அதை முதலில் வாங்கினார். பிறகு வரிசையாக மற்றத் தட்டுகளை வாங்கினார். எங்களுடையதைக் கடைசியில் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. தட்டைக் கீழேயும் வைக்கவில்லை. விளக்கில் நெய் தீர்ந்தபோது அம்மா வந்து ஊற்றினாள். கூட்டம் கலைந்தது. பெரியப்பா கிளம்பாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் போக மனசில்லை, எங்களுக்கும் இல்லை. கடைசியில் அவர் எழுந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் பூசாரியிடம், "கை வலிக்கும், வாங்கிக்கய்யா" என்றார். முதல் தட்டு என்று சொல்லவில்லை. ஆனால் பூசாரி அந்தத் தட்டைக் கருவறைக்குள் அம்மன் காலடியில் தனியாக வைத்தார். மற்றவை வெளியில் இருந்தன.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. பட்டம் முடிந்தது முடிந்ததுதான் என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். கல்யாணத் தாம்பூலம் பாதி வீட்டிலிருந்து வருகிறது, பாதி வீட்டிலிருந்து வருவதில்லை. வராத வீட்டு விசேஷத்துக்கும் தங்கை போய் முன்வரிசையில் உட்காருகிறாள். புங்க மரத்தடிக்கு ஆட்கள் வருகிறார்கள், அதிகமும் பெண்கள். ஒருநாள் கமிட்டி ஆள் ஒருவர் தன் தம்பியோடு கிணற்றுத் தண்ணீர்த் தகராறைக் கொண்டுவந்தார். "இது பஞ்சாயத்து இல்லம்மா, சும்மா ஒரு யோசனை கேக்க வந்தோம்" என்று ஆரம்பித்தாராம். தங்கை உட்காரச் சொல்லியிருக்கிறாள்.

கனடா அம்மாவின் கோப்பில் மகள்கள் மூவருக்கும் தனித்தனிப் பக்கம் எழுதினேன். மூத்தவளுக்குத்தான் பெரிய பக்கம். அந்தப் பையன் ஒரு வரியையும் வெட்டவில்லை.

போன வருஷப் பண்டிகையில் எங்களுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று சாயந்திரம் புறப்படுகிற பொதுத்தட்டை மத்தியானமே எடுத்தார்கள். நாங்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகே போய் நின்றுவிட்டோம். இந்த வருஷம் விடியலிலேயே எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தங்கை நேற்று போன் செய்தாள். மாவை முந்தின நாளே இடித்துவிடலாம், நீங்க ரெண்டு பேரும் சாயந்திரமே வந்துருங்க என்றாள்.